வியாழக்கிழமைக்குச் சுட்ட மஃபின்

திகாம் பத்து
9 பிப்ரவரி

அன்புள்ள ஜேனுக்கு,

காஞ்சனா எழுதுவது. உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே வைத்துவிடுவாயோ என்று பயந்து பெயர் போடவில்லை. நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. கேட்டுவிடுகிறேன். கடல் தாண்டிப் போயிருக்கிறாய், மீரியில் சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா? நீ வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்ததா?

வாட்ஸ்அப்பில் நான் எழுதியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பதே மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் மணியம் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஜித்ராவில் இருக்கும் உன் தங்கை ஷாரனுக்கு நான்கு முறை போன் செய்து இந்த முகவரியை வாங்கினேன். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அக்காவைத் திரும்பவும் ஏசாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. மணியம் இன்னும் பாக்டரி பஸ்தான் ஓட்டுகிறார், முட்டி வலி என்று தினம் ஒரு புராணம். நான் கையுறை பாக்டரியில் அதே லைன் சூப்பர்வைசர். என் வாய்க்குப் பயந்தே பெண்கள் நேரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள் என்று மேனேஜர் சொன்னால் முன்பெல்லாம் பெருமையாக இருக்கும். இப்போது இல்லை. உங்கள் வீட்டைச் சனிக்கிழமை தோறும் பெருக்கித் துடைக்கிறேன். தம்பி வசந்தன் படுத்திருந்த அறையை மட்டும் காற்றுக்குத் திறந்துவிட்டு மூடிவிடுகிறேன்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பின்பக்கம் லீமாவ் கஸ்தூரிச் செடி குட்டிக் குட்டி எலுமிச்சையாகக் காய்த்துக் கொட்டுகிறது. குளிர்பெட்டிக் கதவில் நீ ஒட்டிவைத்த தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அன்னாசி, ஆரஞ்சுத் தோல், பத்து லீமாவ் கஸ்தூரியின் சாறு என்று உன் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து மஃபின் சுட்டேன். தீபாவளிக்குக் கேக் அடிக்கிற மாதிரி மாவை அரை மணி நேரம் அடித்தேன். சரியான துருவி கிடைக்காமல் தேங்காய்த் துருவியில் ஆரஞ்சைப் போட்டுச் சுரண்டினேன். மணியம் ஒன்றைக் கடித்துவிட்டு, இது உன் பாக்டரியில் செய்ததா என்று கேட்டார். அவ்வளவு இறுக்கம். இறுக்கம்கூடப் பரவாயில்லை, கசப்புதான் நாக்கை விட்டுப் போகவில்லை. எதனால் கசக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஏன் சுட்டாய் என்று நீ கேட்பாய். அதற்கு அந்தப் புதன்கிழமையை எழுதித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை என் தம்பி போனான். செவ்வாய்க்கிழமை மின்சுடலை. புதன் காலை பால் தெளித்து, சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, அக்கம்பக்கத்தில் இருந்துதான் சோறு வந்தது. பதினாறு முடியும்வரை நாங்கள் தாளிக்கக்கூட மாட்டோம், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம், இனிப்பு கிட்டவே வராது. அந்த நேரத்தில் சமையல்கட்டில் இருந்து வெண்ணெயும் ஆரஞ்சுமாக ஒரு வாசம், கல்யாண வீடு மாதிரி, ஹால் முழுக்க வந்தது. அழகம்மா சித்தி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் எழுந்து வந்தேன். நான் அதுவரை பார்த்திராத புதுத் தட்டு, புதுக் கிண்ணம். சாவு வீட்டில் புதுப் பாத்திரம் எடுத்துப் புழங்குகிறாளே என்று அதுவும் சேர்ந்து எரிந்தது. அக்கா, இது வந்து என்று நீ ஏதோ சொல்ல வந்தாய். எங்கள் வீட்டில் சாவு, உனக்கு என்ன கிறிஸ்மஸா என்று கேட்டேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன். சுடச்சுட இருபத்துநான்கையும் குப்பைப் பையில் கவிழ்த்தேன். நீ ஓவனை அணைத்தாய், தட்டைக் கழுவினாய், துடைத்தாய். பதினாறு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழாம் நாள் போய்விட்டாய்.

போன மாதம் அறுவடை முடிந்த சமயம் பெண்டாங்கில் இருந்து ஒரு மலாய்க்கார அம்மா உன்னைத் தேடி வந்தார். ரொஹானி என்று பெயர் சொன்னார், வயதுக்கு மரியாதையாக மக்சிக் என்று கூப்பிட்டேன். அதைத் தனியாக எழுத வேண்டும். இன்று கை ஓடவில்லை.

ஏப்ரல் 12ஆம் தேதி வசந்தனுக்குத் தலைத் திவசம். நீ வர வேண்டும் என்று கேட்கத்தான் இவ்வளவும். வருவாயா? வரமாட்டேன் என்றாலும் கசப்புக்குக் காரணத்தையாவது எழுது.

இப்படிக்கு,
காஞ்சனா


திகாம் பத்து
16 மார்ச்

அன்புள்ள ஜேன்,

உன் பதில் கிடைத்தது. தோலில் மஞ்சளை மட்டும் எடுங்கள், வெள்ளை வேண்டாம், மாவை அடிக்காதீர்கள், கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டினால் போதும், கட்டி இருந்தால் இருக்கட்டும். இவ்வளவுதான் எழுதியிருந்தாய். மேலே என் பெயர் இல்லை, கீழே உன் பெயர் இல்லை. வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. ஆனாலும் பதில் போட்டாயே, அதுவே எனக்குப் பெரிசு. வேலைக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். மாவில் கட்டி தெரிந்தும் கரண்டியைக் கீழே வைப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. எதையும் அடித்து நேராக்கினால்தான் எனக்குத் திருப்தி. பொங்கி வந்தது. அன்னாசி அங்கங்கே பளபளவென்று தெரிந்தது. சூட்டோடு லீமாவ் சாற்றில் சர்க்கரை கரைத்து மேலே ஊற்றினேன். முதல் வாய் வைத்ததும் அந்தப் புளிப்பு நேராக ஏறியது. அப்போதுதான் என் தம்பி இதை ஏன் விரும்பினான் என்று எனக்குப் புரிந்தது. மருந்து ஏற்றிய பிறகு எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றானே. நான் கொண்டுபோன மீன் குழம்பைக்கூடத் தள்ளிவிட்டான். நீ அவனுக்கு எட்டுகிற ஒரு ருசியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். நானோ, அவன் மீன் குழம்பைத் தள்ளிவிட்டதற்கு உன்மேல் கோபப்பட்டேன்.

இப்போது மக்சிக் ரொஹானி. போன கடிதத்தில் தப்பித்துக்கொண்டேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். உன்னுடையது. உள்ளே அவர் வீட்டு லீமாவ். ஆஸ்பத்திரியில் வசந்தனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தது அவர் கணவராம். மூன்று வாரம் இருவரும் சாயங்காலத் தேநீருக்கு உன் மஃபினைப் பாதிப் பாதியாகத் தின்றார்களாம். உங்கள் வீட்டில் பன்றி இறைச்சி புழங்கும் என்பதால் அந்தப் பெரியவருக்காகவே நீ புதிதாகத் தட்டும் கிண்ணமும் வாங்கி, துணியில் சுற்றி அலமாரி மேலே தனியாக வைத்திருந்தாயாம். பேக்கெட்டில் ஹலால் முத்திரை பார்த்து வெண்ணெய் வாங்கினாயாம். அவர்கள் கேட்கவே இல்லையாம், நீயாகச் செய்தாயாம். அந்தத் தட்டுக்குத்தான் நான் உன்னை அப்படிப் பேசினேன்.

திங்கட்கிழமை, வசந்தன் மூச்சு நின்ற பிறகு, நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாயாமே. வசந்தன் பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், தான் முதலில் வீட்டுக்குப் போனால் தன் மனைவி மஃபின் சுட்டு அனுப்பிவைப்பாள் என்று. வியாழக்கிழமை என் தங்கை ஷாரன் கொண்டுவந்து தருவாள் என்று சொன்னாயாம். அதற்குத்தான் புதன்கிழமை சுட்டாய். செத்துப்போன என் தம்பி கொடுத்த வாக்கை நீ காப்பாற்றிக்கொண்டிருந்தாய். நான் அதைக் குப்பையில் கொட்டினேன்.

அந்த அம்மா குறை சொல்ல வரவில்லை, ஜேன். உங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய துக்கம், மறந்திருப்பாள் பாவம், எனக்குத் தெரியும் என்று உனக்காக அவரே காரணம் சொன்னார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த வாரம் ஜேனுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் கோப்பி கொடுத்து அனுப்பினேன். ஊர் முழுக்கக் கேட்கிற என் வாய் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று மணியத்தோடு இரண்டு வாரம் சண்டை. ஷாரன் ஒன்று சொன்னாள். பதினேழாம் நாள் விமான நிலையம் போகிற வழியில் நீ ஆஸ்பத்திரியில் இறங்கினாயாம். அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்களாம். திரும்பி வந்து ஷாரன் ஓட்டிய காடியில் ஏறி, பெரியவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார் போல என்று சொன்னாயாம். அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும், எதற்கு அதையும் கெடுக்கிறாய் என்பது மணியத்தின் கட்சி. நானும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிறு நான் சுட்டதை எடுத்துக்கொண்டு பெண்டாங் போனேன். உன் புதுத் தட்டில்தான் சுட்டேன், ஹலால் வெண்ணெய்தான். வயல் ஓரத்து வீடு. எனக்குத் தெரிந்த பாக்டரி மலாயில், உங்கள் கணவருக்கு வரவேண்டியதை நான்தான் கொட்டினேன், ஜேன் மறக்கவில்லை என்று சொன்னேன். அந்த அம்மா டப்பாவை வாங்கித் திறந்தார். பிறகு ஒன்றை எடுத்துப் பிட்டுத் தின்றார். ஜேன் செய்தது இதைவிட மெத்தென்று இருக்கும் என்றார். பிறகு, என் கணவர் இறந்தது ஜேனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நீதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்றார்.

அதனால் சொல்கிறேன். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகவில்லை, ஜேன். வியாழக்கிழமை பார்வையாளர் நேரம் முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வெள்ளிக்கிழமையும் கேட்டாராம். சனிக்கிழமை இறந்துவிட்டார். இதில் உன் தப்பு ஒரு துளியும் இல்லை. முழுக்க என்னுடையது. உனக்கு அதிலும் பங்கு இருக்கிறது என்று எந்த நேரத்திலாவது தோன்றினால் இந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படி.

இங்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அழகம்மா சித்தி வீட்டில் அவள் பேத்தி பிறந்தநாளுக்குக் கூடியிருந்தபோது, ஜேனைப் பற்றி இதுவரை நான் பேசியதெல்லாம் பொய் என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக இதை எடுக்க வேண்டுமா என்று சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு பேர் முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன், நாலு பேர் முன்னால்தானே அதைத் திருப்பி எடுக்க வேண்டும்?

ஏப்ரல் 12 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பெண்சாதி இல்லாமல் தலைத் திவசம் கொடுக்கக் கூடாது என்று சித்தி சொல்கிறாள். நான் அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. வசந்தன் போனதில் இருந்து சாம்பல் கரைத்தது வரை அந்த மூன்று நாளும் நீ குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். இந்த முறை ஹாலில், அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து செய். உங்கள் ஃபாதரை அழைத்து வந்தாலும் சரி. யாராவது முணுமுணுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய் அதற்காவது உதவட்டும்.

என்னை மன்னித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இல்லை. மன்னிக்காமலே வா. என்னோடு பேசாமலே இரு. அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் உன்னைப் பேசவிடாமல் செய்ததை நீ சொல்லி முடி, நான் நின்று கேட்கிறேன். என் தம்பிக்குக் கடைசிவரை சாப்பாடு ருசித்தது என்றால் அது உன்னால். நீ நன்றாக இருக்க வேண்டும், ஜேன். உன் கடவுளிடமும் என் கடவுளிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

திவசம் உன் வீட்டில்தான். அந்த வீட்டுச் சாவி இரண்டையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. நீ வந்து திறந்தால்தான் நாங்கள் உள்ளே வர முடியும்.

வாசலில் நிற்கும்,
காஞ்சனா