ஐந்து விழுக்காடு சிவப்பு

வெஸ்ட் கார்வர், வெர்மாண்ட்
செப்டம்பர் 27

அன்புள்ள தம்பி எவரெட்டுக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். உன் கடிதம் கிளப்பிய கோபம் இன்னும் இறங்கவில்லை. நம் ஊர்ப் பூங்காக் காட்டில் இலைகள் அறுபது விழுக்காடு சிவந்துவிட்டன, அக்டோபர் மூன்றில் உச்சம் என்று சுற்றுலாச் சங்கத்தின் வலைத்தளத்தில் பார்த்து டிக்கெட் எடுத்தாயாம். பத்தொன்பது வருஷமாக வாராவாரம் அந்தக் காட்டைச் சுற்றி வந்து, எவ்வளவு நிறம் ஏறியது என்று எழுதிக் கொடுப்பவள் உன் கூடப் பிறந்தவள். அரிசோனாவில் உட்கார்ந்துகொண்டு அவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

நான் எழுதிக் கொடுத்தது ஐந்து. இன்னும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறோம். இரவில் குளிர் விழாமல் மேப்பிள் மர இலை எப்படிச் சிவக்கும்? சுற்றுலாச் சங்கத்துக்கே போய்க் கேட்டேன். அங்கே பொறுப்பில் இருக்கும் விட்னி கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அஞ்சுன்னு போட்டா எவன் வருவான், லோர்னா? விடுதிக்காரங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க. அறுபதுன்னு போட்டா இலை என்ன கோவிச்சுக்கவா போகுது?"

இலை கோபித்துக்கொள்ளாது, நான் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லி, குறிப்பேட்டை அவள் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன். சனிக்கிழமை ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கி, பச்சைக் காட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

உன் டிக்கெட்டை, காடு நிஜமாகவே சிவந்திருக்கும் பதினெட்டாம் தேதிக்கு மாற்றச் சொல்லி நேற்றே ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் போடுவதற்குள் உன் மனைவி ஐரீன் தொலைபேசியில் அழைத்தாள். உனக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம், எட்டாம் தேதி கண் அறுவை சிகிச்சையாம். தள்ளிப்போடக் கூடாதாம். பிறகு கண் எவ்வளவு தெரியும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லையாம். நீயோ சும்மா இலை பார்க்க வருவதாக எனக்கு எழுதுகிறாய். விட்னி சொன்ன பொய்யைவிட இதுதான் என்னைச் சுடுகிறது. எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் தேதியே வா. குளத்தோரச் சதுப்பில் ஏழெட்டு மேப்பிள்கள் மட்டும் முழுதாகச் சிவந்து நிற்கின்றன. வண்டியை அதுவரை கொண்டுபோக அனுமதி வாங்கிவிட்டேன். அடியில் நாற்காலி போட்டுத் தருகிறேன், வேண்டுமட்டும் பார். நான் பேச்சுக் கொடுக்க மாட்டேன்.

விமான நிலைய வாசலில் நிற்பேன். என் முகம் தெரியவில்லையென்றால் தேடி அலையாதே. நின்ற இடத்திலேயே நில். நான் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறேன்.

உன்மேல் கோபம் குறையாத அக்கா,
லோர்னா