எட்டு ஆகாது

2 ஏப்ரல் 2006, ஞாயிறு

இன்று இரண்டாவது காபிக்கும் மூன்றாவது காபிக்கும் நடுவில், இந்தக் குடும்பத்தின் வாகனப் படைத் தளபதியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். எதிர்ப்பு இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதும் ஒரு வகையில் ஏகமனதான தீர்மானம்தான்.

விஷயம் இதுதான். அண்ணா பிள்ளை கிரிதர் வேன் வாங்கப் போகிறான். எங்கள் பழைய ஃபியட் போன மாதம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் நின்றது. கேட்டைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். இந்திய ரயில்வேயில் ஓடுகிற அத்தனை ரயிலும் கடந்து போயின. ஃபியட் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றுக்கும் வழியனுப்பு விழா நடத்தியது. போதும் என்று கிரிதர் முடிவு செய்துவிட்டான். படூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. எல்லாரும் ஒரே வண்டியில் போகிற மாதிரி வாங்கலாம் என்கிறான்.

எல்லாரும் என்றால்: கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து ஓய்வு பெற்று, இப்போது ஒரு தேங்காயைப் பிளக்கவும் மன்னியிடம் அனுமதி கேட்கிற அண்ணா ஜானகிராமன். இந்த வீட்டின் மத்திய அரசாங்கமான மன்னி கோமளம். கிரிதர். அவன் மனைவி ரோகிணி. அவர்கள் பெற்ற இரண்டு பூகம்பங்கள், அபிஷேக்கும் ரக்ஷாவும். கல்யாணம் செய்துகொள்ளாமல் பெண்குலத்தைக் காப்பாற்றிய நான். ஆக ஏழு.

ரோகிணியின் அம்மா பார்வதம் மாமியும் தை மாதத்திலிருந்து இங்கேதான் இருக்கிறார். கணவர் போன பிறகு ஊரப்பாக்கத்தில் பிள்ளை ஹரிகிருஷ்ணன் ஃபிளாட்டில் இடம் போதவில்லை என்று வந்தவர். அமிர்தமான ரசம். விருந்தாளி.

5 ஏப்ரல்

வேனில் டிவி இருக்குமா என்று அபிஷேக் கேட்டான். தியேட்டரே இருக்கும், இடைவேளையில் சின்னத் தாத்தா முறுக்கு விற்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிக்கெட் கேட்கிறான்.

9 ஏப்ரல், ஞாயிறு

படை புறப்பட்டது. கிரிதர், நான், மாமல்லபுரம் ஸ்டாண்டில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற என் சிநேகிதர் தேவசகாயம். சக்கரம் வைத்த எதையும் ஓட்டியவர். அவர் தயவில் ஸ்டாண்டில் இருந்த வண்டிகளில் எல்லாம் ஏறிப் பார்த்தோம், பிறகு ஷோரூம்.

கிரிதர் கையில் அச்சடித்த அட்டவணை: எஞ்சின், மைலேஜ், எத்தனை பேர், எந்த ஊரில் சர்வீஸ். டவேராவில் பத்துப் பேர்கூட ஏறலாம்; ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரையும், சமாதானம் பேசுகிறவர்களையும் சேர்த்தே ஏற்றலாம். வெர்சாவில் இரண்டு ஏசி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு. பெட்ரோல் வண்டி என்றதும் கிரிதர் அதன் மேல் ஒரு கோடு போட்டான். மூன்றாவதாக இன்னோவா. பட்டிப்புலத்தில் தேவசகாயம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பட்டிப்புலத்திலேயே நின்றுவிட்ட என் உயிர், திருவிடந்தையில்தான் மூச்சிரைக்க வந்து என்னைப் பிடித்தது.

நான் ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்து தேவசகாயம், "இன்னா சாமி, வண்டி பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீற" என்றார்.

பெண்ணாக இருந்தால் இன்றே தாலி கட்டியிருப்பேன். இன்னோவாவில் இரண்டு ரகம் பார்த்தோம். ஜி என்பதில் நடுவரிசை நீள சீட், எட்டுப் பேர். அதைவிட உசத்தியான வி என்பதில் நடுவில் கைவைக்கும் கட்டையோடு தனித்தனியாக இரண்டு நாற்காலி, ஏழு பேர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பல்லவ ராஜாக்களுக்கு இந்த சௌகரியம் கிடைத்திருந்தால் ஒரு பாறையையும் செதுக்கியிருக்க மாட்டார்கள்.

ஜி போதும் சித்தப்பா, எட்டுப் பேர் உட்காரலாம் என்றான் கிரிதர். நாம் ஏழு பேர்தானே என்றேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஏசித் துவாரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டான்.

11 ஏப்ரல்

ராஜதந்திரம் அரங்கேறியது. மன்னி கூடத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இழவு வீட்டு முகத்தோடு எதிரே போய் உட்கார்ந்தேன். கிரிதர் எட்டு சீட் வண்டி எடுக்கப் போகிறானாம், எட்டு சனியின் எண் என்று ஆரம்பித்தேன். நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று ஜனங்கள் வண்டியையே வேண்டாம் என்கிறார்கள், இதில் உட்காருகிற இடமே எட்டு. காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஜோசியர் (பிறக்கவே இல்லாதவர்) சொன்னாராம்: மதுராந்தகத்தில் ஒரு குடும்பம் எட்டு சீட் வண்டி வாங்கியது, அது சனிக்கிழமை தோறும் தானே ஸ்டார்ட் ஆகி, ஏரியில் இறங்கி, குளித்துவிட்டு ஈரத்தோடு வீடு திரும்புகிறது.

மன்னியின் கத்தி நின்றது. மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சிம்மாசனம் எனக்கே.

14 ஏப்ரல், வருஷப் பிறப்பு

சாப்பாட்டில் மன்னி அறிவித்தாள். எட்டு ஆகாது. ஏழு சீட் வண்டியே எடு.

நான் மாங்காய்ப் பச்சடியைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது ரோகிணி, "அப்போ அம்மா?" என்றாள்.

உப்புக் கொண்டு வா என்கிற குரலில்தான் மன்னி சொன்னாள்: "உங்கம்மா என்ன, எப்பவும் இங்கேயேவா இருக்கப் போறா?"

பரிமாறிக்கொண்டிருந்த பார்வதம் மாமி ரசம் எடுத்துவர உள்ளே போனார். ரசம் வர வெகு நேரம் ஆயிற்று. எல்லாரும் வெறும் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தோம்.

15 ஏப்ரல்

எட்டாவது ஆள் யார் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை — நிஜமாகவா? கிரிதர் அன்றைக்கு என்னைப் பார்த்தானே ஒரு பார்வை, அது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கை வைத்துக்கொள்ள ஒரு கட்டை. அதற்காக. கழுதை. கழுதைக்கும் இந்தப் புத்தி வராது.

18 ஏப்ரல்

மன்னியிடம் போய் உடைத்துவிட்டேன். ஜோசியர் இல்லை, மதுராந்தகம் இல்லை, வண்டி குளிக்கவில்லை, எல்லாம் என் புளுகு.

மன்னி ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"தெரியும் ராகவா. உன் வாயிலேர்ந்து என்னிக்கு நிஜம் வந்திருக்கு?"

பின்னே எதற்கு என்றேன். ஃபில்டரை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"பொண்ணைக் குடுத்த ஆத்துல அம்மா வந்து உக்காந்துண்டா ஊர் என்ன சொல்லும்? பிள்ளை இதோ ஊரப்பாக்கத்துல குத்துக்கல்லாட்டம் இருக்கான். போங்கோன்னு நான் எப்படி வாயைத் திறந்து சொல்றது? நல்ல வேளை, நீ ஒரு காரணம் குடுத்தே."

மன்னி கெட்டவள் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தவள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

நானும் இந்த வீட்டில் ஒட்டுதானே? தலை நரைக்கும் வரை உட்கார்ந்து தின்கிறேனே, எந்த ஊர் என்ன சொல்லிற்று? நான் பிள்ளை வீட்டு ஒட்டு. ஆம்பளை ஒட்டு. என்னைக் கேட்காமலே எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். நானே சேர்த்துக்கொண்டேன், முதல் நாளே.

20 ஏப்ரல்

கிரிதரிடம் பேசினேன். அம்மாவை எதிர்த்துக்கொண்டு ஒரு வண்டியா, விடுங்கள் சித்தப்பா என்கிறான். ரோகிணியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், இன்றைக்கு வேடிக்கைக் கதை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அண்ணா பேப்பர் படிக்கிறார். ஒரே பக்கத்தை.

அக்ஷய திருதியை அன்று பதிவு செய்வதாக முடிவாகிவிட்டது. ஏழு சீட்.

23 ஏப்ரல், ஞாயிறு

பார்வதம் மாமி ஊரப்பாக்கம் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். பேரன் ஏங்குகிறானாம். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. ரோகிணி ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றதற்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்று தடுத்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில், நிழலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் மாமி என்று இழுத்தேன்.

"சனி விஷயமா? கேட்டேன். அன்னிக்குப் பின்கட்டுல அப்பளம் காயப் போட்டுண்டிருந்தேன். அந்த வண்டி ஏரிக்குப் போய்க் குளிக்கிற இடத்துல எனக்கே சிரிப்பு வந்துடுத்து. தலைமுழுகினது என்னைன்னு அப்பறம்தான் புரிஞ்சுது."

என்னிடம் ஊரை ஏழு முறை விற்றுத் திரும்ப வாங்குகிற வாய் இருக்கிறது. அந்த வாயால் எதிர் பிளாட்பாரத்து ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தேன்.

நீங்கள் சொல்லாவிட்டால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். ரயில் வந்தது. பெட்டியை நான் ஏற்றக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

30 ஏப்ரல், அக்ஷய திருதியை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் நான் கலப்படம் செய்யத் தேவையே இல்லை.

பதிவு செய்யக் கிரிதர், ரோகிணி, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. மன்னி வாசலில் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். நாலாவது ஆள். இந்த வீட்டில் காலம் காலமாக நடப்பதுதான். இன்று அந்தக் கல் நேராக என் மூளையில் போய் விழுந்தது.

கல்லையும் ஒரு ஆளாக எண்ணலாமா மன்னி என்றேன். எண்ணாமல் பின்னே என்றாள்.

"அப்போ வண்டியில முன்னாடி ஆஞ்சநேயர் வெப்பேளே, அவர்?"

ஆஞ்சநேயர் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு சைக்கிள்கூட உருண்டதில்லை. மன்னியின் உதடு லேசாக அசைந்தது. கூட்டுகிறாள் என்று தெரிந்தது. நான் கூட்டித் தரவில்லை.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அண்ணா சொன்னார்: "ஏழும் ஒண்ணும் எட்டு."

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "எட்டும் ஒண்ணும் ஒம்போது" என்றார். கல்பாக்கத்தில் ஆயுள் முழுக்க அண்ணா போட்ட கணக்குகளில் இதைவிடச் சக்தி வாய்ந்தது இருந்திருக்காது.

மன்னி உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில், உங்கள் இஷ்டம் என்றாள்.

ஜி பதிவாயிற்று. எட்டு சீட், டீசல், வெள்ளை. ஆட்டோவில் திரும்பும்போது ரோகிணி வெளியே பார்த்தபடி கேட்டாள். "சீட் வாங்கிட்டோம் சித்தப்பா. அம்மா?"

7 மே, ஞாயிறு

ஊரப்பாக்கம் போனேன். மாமி அங்கே இல்லை. படூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் மேற்பார்வைக்குச் சேர்ந்துவிட்டாராம். தங்க ஒரு அறை கொடுத்திருக்கிறார்களாம். அம்மாவேதான் விசாரித்துப் போனாள் என்று ஹரிகிருஷ்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். காபி வந்தது. குடிக்கவில்லை.

8 மே

வீட்டில் சொன்னேன். ரோகிணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மன்னி ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அப்படியே சாப்பிட்டோம்.

27 மே

தேவசகாயத்தைப் பார்த்தேன். "இன்னா சாமி, வண்டி புக் பண்ணிட்டு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? வூட்ல எதுனா பேஜாரா?" என்றார். பேஜாரு நான்தான் என்றேன். அதையும் என் வழக்கமான ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

11 ஜூன், ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. திருவிடந்தையில் பெருமாளைச் சேவித்து, சன்னதித் தெருவில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். முன்னால் கிரிதரும் அண்ணாவும். நடுவில் மன்னி ஜன்னல் ஓரம். ஜன்னல் இல்லாவிட்டால் அவளுக்குத் தலை சுற்றும். மறு ஓரத்தில் ரோகிணி. கடைசியில் குழந்தைகளுக்கு நடுவே நான்.

கோவளத்தில் கிரிதர் வேகத்தைக் குறைத்தான். மன்னி, "கேளம்பாக்கம் வழியா போ" என்றாள். படூர் அந்தப் பக்கம்தான். ரோகிணி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

படூரில் விடுதி வாசலில் நிறுத்தினோம். பார்வதம் மாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. உள்ளேயிருந்து ஒரு பெண், "மாமி, குழம்பு கொதிக்கிறது" என்று குரல் கொடுத்தாள். தணலைக் குறை என்று திரும்பாமலே பதில் சொன்னார். ரக்ஷா இறங்கி ஓடிக் காலைக் கட்டிக்கொண்டாள். ரோகிணி இறங்கி, அம்மா பக்கத்தில் சும்மா நின்றாள்.

மன்னி இறங்கவில்லை. ஜன்னல் ஓரத்தைவிட்டு உள்ளே நகர்ந்து, இடம் விட்டு, கதவைத் தன் கையாலேயே திறந்தாள்.

"வாங்கோ."

பார்வதம் மாமி ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முன்வரிசை, நடுவரிசை, கடைசியில் என்னை. "நன்னா இருக்கு. தாராளமா இருக்கு." பிறகு, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. ஹாஸ்டல் குழந்தைகளுக்கு விசேஷச் சாப்பாடு. நான் வர முடியாது" என்றார்.

இன்னொரு நாள் என்று மன்னி சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ரோகிணியின் தலையை ஒரு தரம் தடவிவிட்டு, ரக்ஷாவைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கதவை அவரே சாத்தினார். புதுக் கதவு, மெதுவாகத் தள்ளியதில் சரியாக மூடவில்லை. திறந்து இன்னொரு தரம் அழுத்திச் சாத்தினார்.

காலை நீட்டிக்கொள்கிறேன் என்று அபிஷேக் முன்னால் தாவப் பார்த்தான். மன்னி அவனைக் கையால் தடுத்தாள். செங்கல்பட்டு வந்து சேரும் வரை அவள் ஜன்னல் பக்கம் நகரவே இல்லை. தன் கைப்பையைக்கூட மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.