நான் கேட்டது சந்திரஹாரம்

மாட்டுங்கா,
மும்பை,
ஞாயிறு மத்தியானம்.

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கும் மாப்பிள்ளை நகுலுக்கும் அம்மாவின் மனம் நிறைந்த ஆசீர்வாதம். இங்கே அப்பா சௌக்கியம், நான் உயிரோடு சௌக்கியம். அதென்ன உயிரோடு, செத்தவள் கடிதம் எழுதுவாளா என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது, முழுக்க வாசி. உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பது கஷ்டம், தெரியும். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ "ஹாங் அம்மா, ஹாங் அம்மா, மீட்டிங் இருக்கு, பாயிண்ட்டுக்கு வா" என்கிறாய். எனக்குப் பாயிண்ட் என்று தனியாக ஒன்றும் கிடையாது, நான் பேசுவது எல்லாமே பாயிண்ட்தான். காகிதத்தில் எழுதினால் நடுவில் கட் பண்ண முடியாது பார். சத்தம் போட்டு வாசி, காதில் விழுந்தால் தானே புரியும். ஷ்யாமளா சித்தியின் மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக லண்டன் வருகிறார், அங்கிருந்து லீட்ஸுக்கு உனக்குப் பார்சல் போடுகிறேன் என்றிருக்கிறார். பாவக்காய் வற்றல் கொண்டாட்டமும் வேப்பிலைக்கட்டியும் இதோடு வருகிறது. வேப்பிலைக்கட்டியை மாப்பிள்ளை போன தடவை போல பிரெட்டில் தடவித் தின்ன வேண்டாம், மோருஞ்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளச் சொல்.

நீ ஸ்பெயினிலிருந்து அனுப்பின போட்டோக்கள் வந்தன. ஏதோ கோட்டைப் படிக்கட்டில் நீ குப்புற விழுவது போல நிற்கிறாய், மாப்பிள்ளை தலையில் அட்டைக் கிரீடம். "இந்தப் படியிலதாம்மா அந்த சீரியல்ல ராணி உருண்டு விழுந்து சாவா, நெஜ இடம்மா இது!" என்று நீ குதித்துக் குதித்து வாய்ஸ் மெசேஜில் சொன்னதை அப்பா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, படியில் கைப்பிடி வைத்திருந்தால் ராணி பிழைத்திருப்பாள் என்றார். அதெல்லாம் சரி. கடைசியில் குரலைத் தாழ்த்தி "லீவெல்லாம் இதுலயே போயிடுத்தும்மா, இந்த வருஷமும் வர முடியாது போலருக்கு, அடுத்த வருஷம் ஷ்யூர்" என்றாயே, அதை அவர் ஒரே தரம்தான் கேட்டார். போன வருஷமும் ஷ்யூர்தான், அதற்கு முந்தின வருஷமும் ஷ்யூர்தான். எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். யாரோ ஒருத்தி பொய்யாகச் செத்த இடத்தைப் பார்க்கக் கடல் தாண்டிப் போகிறவளே, அதே கூத்து இப்போது நம் ஆத்திலும் நடக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மே மாதம் இங்கே ஷூட்டிங் நடந்தது உனக்குத் தெரியும், போனில் சொன்னேன், நீ வாவ் என்றாய். மீதியை வெட்கத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தௌசீப் என்று ஒருத்தர், குர்லாக்காரர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், படக் கம்பெனிக்கு வீடு பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். நம் மொசைக் தரையையும் ஊஞ்சலையும் பால்கனியையும் பார்த்துவிட்டு "ஆண்ட்டி, குச் பீ மத் பதல்னா" என்று கும்பிட்டார். எதையும் மாற்றாதே என்கிறார், நான் அதற்குள் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியாகிவிட்டது. ஷூட்டிங் என்றதும் இடுப்பொடியத் தேய்த்துக் கழுவி வைத்த சமையலறைச் சுவரில் அவர்கள் டீத்தண்ணியை ஸ்ப்ரே செய்து பழசாக்கினார்கள், என் வயிறு எரிந்தது. மூலைக்கு மூலை குத்துவிளக்கு வேறு. காலை டிபனுக்குத் தலைவாழையிலை போட்டு இட்லி வைத்தார்கள், இந்த மாட்டுங்காவில் எவன் ஆத்தில் தினம் அப்படிச் சாப்பிடுகிறான் என்று கேட்டேன், லுக் நன்றாயிருக்கிறது ஆண்ட்டி என்றார்கள். கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு பிள்ளை, வரேன் வரேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், மாட்டுங்காவில் அம்மா போய்விடுகிறாள், அப்புறம் வந்து வீட்டை விற்க மனசு வராமல் அம்மாவின் படத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறான். எட்டு எபிசோடும் பேச்சுத்தான். அம்மா வேஷத்துக்கு ஆள் கிடையாது, படம் மட்டும்தான்.

அந்தப் படத்தில்தான் வினை. அவர்கள் கொண்டுவந்த படத்தில் ஏதோ டெல்லி மாடல், உதட்டில் லிப்ஸ்டிக், பாலக்காட்டு மாமி என்று குழந்தை கூட நம்பாது. டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. ஹால் சுவரில் என் போட்டோ இருக்கிறதே, ஷ்யாமளாவின் செம்பூர் ஃப்ளாட் கிருகப்பிரவேசத்தில் மயில்பச்சைப் பட்டில் எடுத்தது, அதைத் தரமுடியுமா என்று தௌசீப் கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, எடுத்துக்கோ என்றேன். நான் சமையலறையில், குக்கர் விசில், அவர் ஹாலிலிருந்து "ஆண்ட்டி, சந்தன் ஹார் டால் தேங்கே, சலேகா நா?" என்று கத்தினார். என் காதில் விழுந்தது, சந்திரஹாரம் போடட்டுமா என்று! உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பாவைப் பெற்றவள் எனக்கென்று சொல்லி வைத்திருந்த சந்திரஹாரத்தைக் கடைசியில் உன் பெரியம்மா கழுத்தில் போட்டுவிட்டாள். அந்த போட்டோவில் எனக்கு மெல்லிசாக ஒரே ஒரு செயின். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் எதைத்தான் மாட்ட முடியாது, ஷ்யாமளா போன தீபாவளிக்கு என் மூஞ்சியில் கூலிங்கிளாஸ் மாட்டி அனுப்பவில்லையா. அதனால் நானும் "டாலோ டாலோ, படா வாலா டாலோ, கஞ்சூஸி மத் கரோ" என்று கத்தினேன். பெரிசாகவே போடு, கருமித்தனம் பண்ணாதே என்று. அந்த மனுஷர் சமையலறை வாசலில் வந்து நெஞ்சில் கை வைத்து, உங்களைப் போலப் பெரிய மனசு யாருக்கும் வராது ஆண்ட்டி என்றார். நகை போட்டுக்கொள்ள எதற்குப் பெரிய மனசு என்று தோன்றியது, ஆனாலும் சந்தோஷத்தில் இரண்டு அடை கூடுதலாகப் போட்டேன். மார்க்கெட்டில் பிள்ளையாருக்கு வாராவாரம் ஹார் கொடு என்று கேட்டு மாலை வாங்குகிறவள் நான், அன்றைக்குப் பார்த்து என் புத்தி நகைக்கடைக்குப் போய்விட்டது.

புரிந்ததா? அவர் சொன்னது சந்தன மாலை. சந்தனக் கட்டையைச் சீவிச் சுருட்டிக் கோத்துச் செத்தவர்கள் படத்துக்குப் போடுவார்களே, அது!

சீரியல் வந்த சனிக்கிழமை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் ஷ்யாமளா செம்பூரிலிருந்து போன். எடுத்தால் ஒரே அழுகை. "அத்திம்பேர் எங்க, அவர்ட்ட குடு, அக்கா போயிட்டாளே, அக்கா போயிட்டாளே" என்கிறாள். ஏன்டி, அக்காதான்டி பேசறேன் என்றேன். "நீயா? நெஜமாவே நீதானா? அப்ப எதுக்குடி மாலையோட இருக்க?" என்று அதற்கும் ஒரு அழுகை. காலையில்தான் என்னிடம் தேங்காய் விலை பேசினவள், படத்தைக் கண்டதும் எல்லாம் மறந்து போயிருக்கிறது. அப்புறம் திட்டு ஆரம்பித்தது. "சுமங்கலி படத்துக்கு மாலை போட்டு விளக்கேத்தறா, நீ வாயைப் பொளந்துண்டு பாத்துண்டிருந்தயாக்கும்?" என்று. ஆட்டோ பிடித்து உப்பும் மிளகாயுமாக வந்து எனக்குச் சுற்றிப் போட்டாள், நெடியில் அப்பாவுக்குத்தான் இருமல். பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். டீவி முழுக்க நான், மயில்பச்சைப் பட்டு, கழுத்தில் கையகலத்துக்குச் சந்தன மாலை, கீழே மினுக் மினுக்கென்று பல்பு விளக்கு. மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருந்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளை படத்தைத் தடவி அழுததும் உன் அப்பா தேம்பித் தேம்பி அழுகிறார், நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். எபிசோட் முடிந்ததும் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். கல்யாணமான நாளிலிருந்து இது முதல் தடவை. கழுநீர் மாதிரி இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். இந்த ஆத்தில் காபி கிடைக்க ஒருத்தி செத்துத்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனம். நீ ஸ்பெயினுக்குப் போன மாதிரி இவர்கள் மாட்டுங்காவுக்கு வருகிறார்கள். கீழே நின்று பால்கனியைப் படம் எடுக்கிறார்கள், மாடியேறி வந்து, ஹால் மட்டும் பார்க்கலாமா அங்கிள் என்று கெஞ்சுகிறார்கள். பெல் அடித்து நான் கதவைத் திறந்தால் வீல் என்று ஒரு சத்தம். ஒரு பையன் படிக்கட்டில் பாதி தூரம் ஓடிவிட்டான். காட்கோபரிலிருந்து வந்த பெண் ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்து, கரம் ஹை, கரம் ஹை என்று மற்றவளிடம் சொன்னாள். சூடாகத்தானே இருக்கும், அடுப்படியிலிருந்து வந்தேன். அப்பா மறுபடியும் ஆபீஸ் போகிற மாதிரி இஸ்திரி சட்டை போட்டுக்கொண்டு கைடு ஆகிவிட்டார். டீவி ரிமோட்டை நீட்டி, இங்கேதான் அவன் உட்கார்ந்து அழுதான், இந்த ஜன்னலில்தான் காகத்துக்குச் சாதம் வைத்தான் என்று காட்டுகிறார். சீரியலில் இல்லாததையும் சேர்த்துவிடுகிறார். எல்லாம் முடிகிற வரை என்னை பெட்ரூமுக்குள் இருக்கச் சொல்லி, கடைசியில் தண்ணீர்த் தம்ளரோடு என்னை வரச் சொல்கிறார். அதற்குக் கைதட்டு கிடைக்கிறதாம். பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி பிரேமலதா, உன் அப்பா பேரைப் போட்டே, அனந்தநாராயணன் சார், லிஃப்டுக்கு மூச்சு வாங்கறது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாள், அதையும் வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

போன ஞாயிறு ஒருத்தி தனியாக வந்தாள். உன் வயசிருக்கும், கோலாப்பூர்க்காரி, பூனாவில் வேலை. போனை வெளியிலேயே எடுக்கவில்லை. அப்பாவின் கதையையும் கேட்கவில்லை, நேரே சுவருக்குப் போய் என் போட்டோ முன்னால் நின்றாள். மாலை எங்கே என்று கேட்டாள். நான்தான் இருக்கிறேனே, எதற்கு மாலை என்றேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் உடைந்து அழுதுவிட்டாள். ஊரில் அம்மா தனியாக இருந்தாளாம், பஸ் ஏறினால் நாலைந்து மணி நேரம்தானாம், அடுத்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன் என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். போனபோது அம்மா இல்லை. அம்மா போனதற்கு அப்புறம் ஒருத்தர் கூட என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை காகூ (மாமியை அப்படித்தான் கூப்பிடுகிறாள்), எல்லோரும் சமாதானம்தான் சொன்னார்கள், நீங்கள் ஒரு தரம் என்னைத் திட்டுவீர்களா என்று கேட்டாள். அப்பா ரிமோட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மராட்டியில் எனக்குக் காய்கறி வாங்கத் தெரியும், திட்டத் தெரியாது. ஆகையால் தமிழிலேயே ஆரம்பித்தேன். "ஏன்டீ, இத்தன நாளா எங்கடீ போயிருந்த? அம்மான்னு ஒருத்தி வாசலப் பாத்துண்டே உக்காந்திருக்காளேன்னு நெனப்பு வேண்டாமா? அப்படி என்ன பெரிய மீட்டிங்? மூஞ்சி ஏன் இப்படி வத்திப் போயிருக்கு, வேளைக்குச் சாப்பிடறயா இல்லையா?" என்று நான் பாட்டுக்குப் போனேன். அவளுக்கு ஒரு அட்சரம் புரிந்திருக்காது, என் மடியில் தலையை வைத்து அப்படி அழுதாள். பாதியில்தான் எனக்கே உறைத்தது, அவளுக்கு ஏது மீட்டிங், நான் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் முளகூட்டலும் சாதமும் போட்டு அனுப்பினேன், இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், நல்ல குழந்தை.

பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை. ஷுகர் சொன்னபடி கேட்கிறது, முழங்கால்தான் லோக்கல் டிரெயின் ஏறும்போது முரண்டு பிடிக்கிறது. போய்ச் சேருவதைப் பற்றியும் எனக்குப் பயம் இல்லை, படத்தில் எப்படி இருப்பேன் என்றுகூடப் பார்த்தாயிற்று. ஆனால் அந்தப் பெண் போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை பத்மா. நீயும் ஒரு நாள் இப்படி யாரோ ஒருத்தியின் ஆத்தில் போய் நின்றுகொண்டு, என்னைத் திட்டுங்கோ என்று கேட்கும்படி ஆகிவிடுமோ, அதுதான் பயம். ஷூட்டிங் எடுத்த இடம்தானே உனக்கு ஆசை, இதுவும் எடுத்த இடம்தான். டிக்கெட் கிடையாது, கைடு உன் அப்பா, சாப்பாடு இலவசம், செத்துப்போன அம்மா நேரில் வந்து பரிமாறுவாள், அந்த ஸ்பெயின் கோட்டையில் இதெல்லாம் உண்டா? லீவு இல்லை என்று மட்டும் சொல்லாதே. படிக்கட்டில் விழுகிற மாதிரி நிற்க லீவு கிடைத்ததல்லவா.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அங்கே குளிரில் ஈரத்தலையோடு வெளியில் போகாதே, வெள்ளிக்கிழமை ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. குருவாயூரப்பன் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், தீர்க்காயுசாக இருங்கள். அப்பா தனியாக ஒன்றும் எழுதவில்லை, டிசம்பரில் பிளேன் டிக்கெட் என்ன விலை என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன், சும்மா என்றார். மறக்காதே, அந்தப் பெண்ணைத் திட்டினது கால்வாசிதான், பாக்கி முக்கால்வாசி உன்னுடையது, கடிதத்திலும் போனிலும் தருகிறதாக இல்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் மாலை விழாத உன் அம்மா,
ருக்கு