அழித்த கட்டம்

டுலூத், செப்டம்பர் 9

அப்பா,

பேஸ்பால் பருவம் நேற்றோடு முடிந்தது. நம் அணிக்கு நாற்பத்து நான்கு வெற்றி, ஐம்பத்தாறு தோல்வி. பந்துவீச்சு மோசம், ஓட்டம் அதைவிட மோசம். கோவல்ஸ்கி மட்டும் பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று அடி என்ற சராசரியை மயிரிழையில் தொட்டான்.

மைதானத்தில் உங்கள் இருக்கையில் என் மேல்கோட்டை வைத்துக்கொண்டேன். பின்வரிசை வாண்டா ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்டாள். "எங்கடா உங்கப்பன்? கோட்டு எதுத்துப் பேசாதுன்னு அதைக் கூட்டிட்டு வந்தியா?" உங்களுக்கு வேலை என்றேன். "ஓய்வு வாங்குன மனுஷனுக்கு என்னடா வேலை?" என்றாள்.

அந்த மே மாத ஆட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். கோவல்ஸ்கி அடித்த பந்து தடுப்பவன் கையில் பட்டுத் தெறித்தது. தடுப்பவனின் பிழை, அடி கணக்கில் சேராது என்று பலகையில் போட்டார்கள். ஒவ்வொரு அடியையும் கட்டம் கட்டமாகக் குறிக்கும் நம் ஆட்டப் புத்தகத்தில் நீங்கள் அடி என்றே எழுதினீர்கள். நான் பென்சிலைப் பிடுங்கி அழித்தேன். "பலகைகூடத் தெரியலையா? விடுங்க, இனிமே நான் எழுதுறேன்" என்றேன். புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

மறுநாள் காலையிலேயே ஆட்டக் கணக்கர் தீர்ப்பை மாற்றி, அது அடிதான் என்று அறிவித்துவிட்டார். நான் அன்றே செய்தித்தாளில் படித்தேன். நான்கு மாதமாக உங்களிடம் சொல்லவில்லை. அந்த ஒரு அடி இல்லையென்றால் கோவல்ஸ்கி அந்தச் சராசரியைத் தொட்டிருக்க மாட்டான்.

மற்ற ஆட்டங்களையெல்லாம் எழுதிவிட்டேன். நான் அழித்த அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு புத்தகமும் பென்சிலும் வருகின்றன. நிரப்பியதைத் தபாலில் அனுப்பாதீர்கள். வசந்தத்தில் முதல் ஆட்டத்துக்குக் கையில் எடுத்து வாருங்கள்.

அன்று மேல்கோட்டை நான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; உங்கள் இருக்கை காலியாக இருக்கும்.

உங்கள் மகன்