பழைய பெயரை அடிக்காதீர்கள்

தோணிரேவு
8-5-1988

அன்புள்ள மாமாவுக்கு இந்திராணி வணக்கத்தோடு எழுதுவது. நானும் அத்தையும் சுகம். ஏரியில் இறால் நிறைய, அதனால் ஊரே சுகம்.

உங்கள் போன கடிதத்தில் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒரு வரி கிடையாது. முழுக்கக் கெர்னல் புராணம்தான். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆளுகிற அது, நெட்வொர்க்கில் சேரப் புது எண் கொடுத்தால் சரியா என்று பார்க்காமலே பழைய எண்ணை அழித்துவிடுகிறதாம். புதியது தப்பென்றால் மெஷின் எங்கேயும் சேராமல் தனியாக நிற்கிறதாம். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பழையதை எடுக்கும்படி மாற்றி எழுதினால்தான் லீவாம். கோபத்தில் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலடியில் பாடு சீட்டுப் போட்டார்கள். யார் எந்த நாளில் ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முடிவாகிற நாளில் ஆள் இருக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. தலைவர் மாசிலாமணி, அவன்தான் பெங்களூர்ல உத்யோகம் பண்றானே, பேரை அடிச்சிடலாமான்னு கேட்டார். அத்தை முகம் செத்துப்போனது. மாமனார் விட்டுப்போன இடமல்லவா.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! அவருக்கு வேலை நிரந்தரமில்லை, வீடும் இல்லை, புது இடம் சரியா என்று பார்க்காமல் பழைய பெயரை அடித்தால் மனுஷன் எங்கேயும் இல்லாமல் போவார், மெஷினுக்கே அப்படிச் செய்யக்கூடாது என்று எங்க வீட்டுக்காரர் சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றேன். ஊர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டன. தலைவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்னாம்மா, மெஷினுக்கு ஒரு நியாயம், நம்ம புள்ளைக்கு ஒரு நியாயமான்னு சொல்லி, பெயரை வைத்துக்கொண்டார். உங்களுக்காக என் நைனா சீட்டெடுத்தார். இறால் அதிகம் ஏறுகிற முகத்துவாரத்துப் பக்கமே விழுந்தது! அன்றைக்கு வீட்டில் இறால் குழம்பு.

நேற்று உங்கள் தந்தி. சோதனை ஜெயித்தது, வேலை நிரந்தரம், வீடு பார்த்தாயிற்று, புறப்படு என்று. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை தெருவெல்லாம் கல்கண்டு கொடுத்தார்கள். என் புடவைகளையும் அவர்களே மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். தான் வருவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமா, தலைவரிடம் போய், இனி உங்கள் பெயரை அடிக்கலாம் என்று நான்தான் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் அந்தப் புது வீட்டை இன்னொரு தரம் சரிபாருங்கள். அத்தை படுக்க அதில் இடம் இருக்கிறதா? இருக்கிறது என்று எழுதுங்கள், இரண்டு பெட்டியாகக் கட்டுகிறேன். அதுவரை ஏரியில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
இந்திராணி