கிளினிக்குக்கு வெளியே செய்த அவசர சிகிச்சை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிவரூபினி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். வீடியோவில் வந்தால் என் கையைக் காண்பீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

டொக்டர் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கோட் நம்பரை இன்சூரன்ஸ் கம்பனிக்கு அனுப்புவதுதானே என் வேலை. செவ்வாய் மத்தியானம் இங்கே லண்டன் டூட்டிங்கில் எங்கள் கிளினிக் வாசலில் இரண்டு பேர் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். ஒருவன் கத்தியை உருவி மற்றவனின் வயிற்றுக்கு வீசினான். நான் குறுக்கே இடது கையை நீட்டிவிட்டேன். முழங்கை வரை கிழித்துவிட்டது. டொக்டர் அம்பலவாணன் ஓடிவந்து நடைபாதையிலேயே தன் சட்டையைக் கழற்றி இறுக்கிக் கட்டினார்.

“டொக்டர், கிளினிக்குக்கு வெளியில எண்டு எழுதுங்கோ. அதுக்குக் கோட் நம்பர் வேறை.”

“ரத்தம் ஓடுது, நீ நம்பர் சொல்லுறாய்! பேசாமல் கிட பிள்ளை!”

இருபத்தாறு தையல்தான். கை அகலமான இரண்டு சட்டை தைத்து அனுப்புங்கள்.

மருந்து கட்டப் போக நேரமாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் மன்னியுங்கள். ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் பயப்படக்கூடாதென்று நம்பரைப் பிழையாகக் கொடுத்தேன். அழைத்துப் பார்த்த நேர்ஸ், அந்த நம்பரில் அப்படி ஒரு அம்மா இல்லையாம் என்றாள்.

கத்தி பட்டபோது அழாத நான், அப்போதுதான் அழுதேன்.

சிவரூபினி