ஐஸ் லாரியும் புது ரவுண்டானாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் வாய் எங்களைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா நடுவில் பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நம் தெரு போய்ச் சேரும் கடற்கரை நெடுஞ்சாலை முக்கில், போன முறை நீங்கள் வந்த டாக்சியை வெளியூர் லாரி இடித்ததே, அதே இடத்தில் ரவுண்டானா கட்டிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிமே இந்த ரோட்டுல இவளைக் கூட்டிட்டு வரவே மாட்டேன்மா" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது அங்கே நடுவில் வட்டமாக ஒரு மண்மேடு, சுற்றிலும் ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் பாதை. எப்பேர்ப்பட்ட கொம்பனும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். முன்பெல்லாம் வெளியே பிரேக் கிறீச்சிட்டால், தைத்துக்கொண்டிருக்கும் என் கால் தானாக மிஷின் மிதியை விட்டு எழுந்துவிடும். இப்போது திரைச்சீலை ஓரம் முழுவதையும் ஒரே மூச்சில் தைத்து முடிக்கிறேன்.

ஆனால் திறந்த அன்று நடந்த கூத்தைக் கேள். அப்பாவின் ஐஸ் லாரி வந்தால் ஊரே ஒதுங்கி வழிவிடும் என்பது உனக்குத் தெரியும், ஐஸ் கரைந்தால் துறைமுகத்தில் மீன் கெட்டுப்போகுமே. ரவுண்டானாவில் விதி வேறு. உள்ளே சுற்றுகிறவர் நிற்கக் கூடாது, நுழைகிறவர்தான் வெள்ளைக்கோட்டில் நின்று இடம் பார்த்து நுழைய வேண்டும். அப்பாவைக் கண்டதும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த பால் வேன்காரர் பழக்கதோஷத்தில் நின்று, "அண்ணே, நீங்க போங்க" என்று கைகாட்டியிருக்கிறார். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் மரியாதை தெரியாதா என்ன, உள்ளே போனவர், அடுத்த கோட்டில் காத்திருந்த பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மாவுக்காக நடுவழியில் நின்று, "நீங்க முதல்ல போங்கம்மா" என்றாராம். அந்த அம்மாவோ, "ஐஸ் ஒழுகுது, நீங்க போங்கண்ணே" என்று அசையவே இல்லையாம். ஆளாளுக்கு மரியாதை கொடுத்து வட்டம் முழுக்க அடைத்துக்கொண்டது. கடைசியில் போக்குவரத்துப் போலீஸ்காரப் பெண் வந்து, "ஐயா, உங்க மரியாதையை வீட்டுல வச்சிட்டு வாங்க" என்று ஒரு சத்தம் போட்ட பிறகுதான் கலைந்தது. சாப்பிட உட்கார்ந்தும் அப்பாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "நல்லா இருந்த ரோட்டுக்கு நடுவுல இந்த மேட்டை யாருடி கேட்டா?" என்று குதித்தார். நான்தான் கேட்டேன் என்றேன். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று முதலில் கேட்டவள் நான்தானே. ஏன் கேட்டேன் என்று அவருக்கும் தெரியும், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

இப்போது அவரும் கோட்டில் நின்று முறை பார்த்துத்தான் போகிறார். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான், ஐஸ் ஒன்றும் கரைந்துவிடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், போன வாரம் மருந்துக்கடைக்காரர் மோட்டார் சைக்கிளோடு மண்மேட்டில் ஏறி விழுந்தார். ஆனால் முழங்கைச் சிராய்ப்போடு தானே எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, கடையைத் திறக்கப் போய்விட்டார். முன்பு அந்த முக்கில் விழுந்தவர்கள் அப்படி எழுந்து போனதில்லை.

இத்தனை நாளும் உன்னை வா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். விமான நிலையத்துக்கு ஐஸ் லாரியிலேயே வருவேன் என்கிறார் அப்பா, பயப்படாதே, நான் கார் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் இருமலை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

குட்டிக்குக் கவுன் துணி எடுத்து வைத்திருக்கிறேன், மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. இன்னும் கத்தரி வைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுக்கிறேன், என் பேத்தி எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. அளவை எழுதி அனுப்பிவிடாதே. அவளையே அழைத்துக்கொண்டு வா.

உன்னைப் பார்க்க ஏங்கும்
அம்மா